மூன்று மணிக் காய்ச்சல்

“நூத்தி நாப்பத்தேழாம் நம்பர் கவரைப் பிரிங்க, மேடம்.”

டாக்டர் பத்மஜா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். நடுவீட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

நலவேலி பயோ கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் மோனிஷாவுக்குச் சொன்ன ஒரே தடை அதுதான். என்ன சந்தேகம் வந்தாலும் கேள், நேரம் காலம் பார்க்காமல் கேள், கவரைப் பிரிக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. சொன்னவர் இதே பத்மஜாதான். கேட்டுத் தலையாட்டியவள் இதே மோனிஷாதான்.

பத்மஜாவின் நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிற இரும்பு பீரோ ஒன்று நிற்கிறது. அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கவர்கள், வாய் ஒட்டி, எண் போட்டு அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு. சீட்டில் ‘மருந்து’ என்று இருக்கும், அல்லது ‘டம்மி’ என்று இருக்கும். செம்பருத்தி நகரில் பாதாளச் சாக்கடை வேலைக்குப் போகிற இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நாலு மாதமாகத் தினமும் காலையில் மூக்கில் அடித்துக்கொள்கிற ‘முன்காவல்’ பாட்டிலில், யாருடையது நிஜம், யாருடையது வெறும் பேர் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். அடித்துக்கொள்கிறவருக்கும் தெரியாது, கொண்டுபோய்க் கொடுக்கிற மோனிஷாவுக்கும் தெரியாது, பத்மஜாவுக்கும் தெரியக் கூடாது. ஆய்வு முடிகிறவரை எல்லோருக்கும் கண் கட்டியிருக்க வேண்டும். அதுதான் தொழில் ஒழுங்கு.

“வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

“தண்ணி வேணாம். கவர்தான் வேணும். எங்கண்ணன் ஜி.எச்.ல கெடக்குறான்.”

“தீனாவா? என்னாச்சு?”

“நேத்து மேன்ஹோல் மூடியைத் தூக்கும்போது தகரம் கிழிச்சிடுச்சு. கணுக்கால்ல ஒரு விரக்கடை காயம், அவ்வளவுதான். காலைல பார்த்தா முழங்கால் வரைக்கும் வீக்கம். டூட்டி டாக்டர் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. ‘இவர் மூக்குல போனது மருந்தா, டம்மியா? மருந்துன்னா அதுல இருக்குற உயிர்க்கிருமி ரத்தத்துல ஏறியிருக்கலாம், ஐ.சி.யூ.ல வச்சுப் பார்க்கணும், டம்மின்னா சாதாரணக் காயம், வார்டு போதும்.’ ஐ.சி.யூ.ல ஒரே ஒரு கட்டில்தான் காலியா இருக்காம். நாலு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன்னாங்க.”

பத்மஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

“ஏழுமலை அண்ணனுக்கும் இப்படித்தான் நடந்துச்சு” என்றாள் மோனிஷா. “மூணு வாரம் ஆகுது. விரல்ல காயம், தையல் போட்டு வார்டுல படுக்க வச்சாங்க. ஆறு மணி நேரத்துல உடம்பு கொதிச்சு, பிரஷர் எறங்கி, போயே போயிட்டாரு. ரத்தத்தை அஞ்சு நாள் வளர்த்துப் பார்த்தாங்க. ஒரு கிருமி வளரல மேடம். கிருமியே இல்லாம எப்படி ஒரு மனுஷன் கிருமியால சாவான்?”

“அதை கமிட்டி பார்த்தாச்சு.”

“இருநூத்திப் பன்னெண்டு பேர்ல அறுபது பேருக்கு மத்தியானம் மூணு மணியானா காய்ச்சல் வருது. நான்தான் வீடு வீடா எழுதிட்டு வர்றேன். அதையும் கமிட்டி பார்த்துச்சா?”

“பார்த்துச்சு.” பத்மஜா குரலைத் தாழ்த்தினார். “உனக்கு இதைச் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். கமிட்டிக்கு எது மருந்துன்னு தெரியாம ஏ, பி-ன்னு ரெண்டு பிரிவா கணக்குப் போயிருக்கு. காய்ச்சல் ஏ-ல முப்பத்தொண்ணு, பி-ல இருபத்தொன்பது. புரியுதா? ரெண்டு பக்கமும் சமம். டம்மி அடிச்சவங்களுக்கும் அதே காய்ச்சல்னா, காரணம் நம்ம பாட்டில் இல்ல. உங்க ஏரியா. அங்க தண்ணி அப்படி, கொசு அப்படி, அவங்க பார்க்குற வேலை அப்படி.”

“ஆமா. எங்க ஏரியான்னு சொல்லிட்டா யாரும் எந்தக் கவரையும் பிரிக்க வேணாம்ல.”

“மோனிஷா! உன்னை இன்டர்வியூல எல்லாரும் வேண்டாம்னாங்க. நான் மட்டும்தான் எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்?”

“எங்க ஜனம் என் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போடும்னு எடுத்தீங்க.”

பத்மஜா கெட்டவர் இல்லை. மழைக்காலத்துக்கு மழைக்காலம் சாக்கடையில் இறங்குகிறவன் பேதியிலும் எலிக் காய்ச்சலிலும் போய்ச் சேருவதைப் பார்த்து நிஜமாகவே மனசு ஆறாமல் இந்த ஆய்வைத் தொடங்கியவர். பொல்லாதது எதையும் செய்யாத ஒரு பாக்டீரியாவை மூக்குக்குள் குடிவைத்துவிட்டால் உடம்பின் காவல் இருபத்துநாலு மணி நேரமும் தூங்காமல் நிற்கும், எதுவும் உள்ளே நுழையாது என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தும்விட்டது. பேதி பாதியாகக் குறைந்துவிட்டது. செய்தி பேப்பரில் வந்த மறுவாரமே, ஆள் இறங்காமல் அள்ளுகிற மெஷின்கள் வாங்குவதை மேலிடம் தள்ளிவைத்தது. ஆளுக்கே கவசம் வந்துவிட்டதே, மெஷின் எதற்கு?

“திங்கட்கிழமை ஃபைல் மேல போகுது” என்றார் பத்மஜா. “நாப்பதாயிரம் பேருக்கு அனுமதி. இன்னைக்கு ஒரு கவர் பிரிஞ்சா மொத்தமும் செல்லாது. போ. வெள்ளிக்கிழமை பாட்டிலை வாங்கிட்டு உன் வேலையைப் பாரு.”

மோனிஷா கதவைச் சாத்திய சத்தத்தில் வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழ்த்தளத்தில் மரியசெல்வத்தின் ராஜ்யம். ஆளுயர எஃகுக் கலத்தில் பாக்டீரியாவை வளர்த்து பாட்டிலில் அடைப்பது அவர் வேலை. தூத்துக்குடிக்காரர். முப்பது கோடிக்கு வாங்கிய இயந்திரத்தை அவர் ‘அண்டா’ என்றுதான் சொல்வார்.

“என்ன பிள்ள, மேடத்தைக் கடிச்சுட்டு வாரியா?” என்று பாட்டில் பெட்டியை நீட்டினார். வாங்கும்போது அவள் விரல் அவர் கையில் பட்டது. “யம்மா! கை என்ன இந்தச் சூடு சுடுது? தோசை ஊத்திரலாம் போல.”

“கோபம் வந்தா அப்படித்தான்.”

“அப்ப உனக்கு நித்தமும் கோபந்தான்.”

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு நகரவில்லை. மாடிப்படி இறங்கும்போதே ஒரு விஷயம் மண்டைக்குள் புழுவாகக் குடைய ஆரம்பித்திருந்தது. முப்பத்தொன்று, இருபத்தொன்பது. செம்பருத்தி நகரில் ஆய்வில் சேராதவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதே தண்ணீர், அதே கொசு. அவர்களில் ஒருத்தருக்காவது மூன்று மணிக் காய்ச்சல் வந்து அவள் கேள்விப்பட்டதில்லை.

“அண்ணே, டம்மியில என்ன இருக்கு?”

“நீதான பிள்ள மாத்தச் சொன்ன? இப்ப வந்து என்னையக் கேக்க?”

“நானா?”

“பின்ன? முத வாரம் உப்புத்தண்ணியைத்தான் அடைச்சுக் கொடுத்தோம். ரெண்டு நாளுல உங்க ஆளுக அதைக் கண்டுபிடிச்சுட்டாகன்னு மேல போய் சொன்னது யாரு?”

நினைவு வந்தது. ஆய்வு தொடங்கி மூன்றாம் நாள். மேன்ஹோல் மூடியை நெம்பி, விஷவாயு இருக்கிறதா இல்லையா என்று ஓர் இழுப்பில் சொல்லிவிடுகிற மூக்குகள் அவை. தப்பாகச் சொன்னால் உயிர் இருக்காது. அந்த மூக்குகளுக்கு முன்னால் இந்த பாட்டில் எம்மாத்திரம்? ஏழுமலைதான் முதலில் சிரித்தார். “இன்னாம்மா, எனக்குக் குட்த்தது செத்த பாட்டிலு, உங்கண்ணனுக்குக் குட்த்தது உயிரோட கீற பாட்டிலு. எனுக்கும் அதே குடு.” வரிசையில் நின்ற பத்துப் பேரும் முகர்ந்து பார்த்துச் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். மோனிஷாவுக்குப் பெருமை பொங்கியது. எங்க ஆளுங்க மூக்கை உங்களால ஏமாத்த முடியல மேடம் என்று ஓடிவந்து சொன்னதும் அவள்தான். ஒரு வாரம் ஆய்வை நிறுத்தி, டம்மியை மாற்றி, கவரெல்லாம் புதிதாகப் போட்டு மறுபடி தொடங்கினார்கள்.

“என்னவா மாத்துனீங்க?”

மரியசெல்வம் அண்டாவைத் தட்டிக் காட்டினார். “ஒரே அண்டா, ரெண்டு குழாய். ஒண்ணு நேரா பாட்டிலுக்குப் போவும், அது மருந்து. இன்னொண்ணு வடிகட்டி வழியா பாட்டிலுக்குப் போவும், அது டம்மி. நெறம் ஒண்ணு, வாடை ஒண்ணு. கிருமி மட்டும் இருக்காது. இப்ப சொல்லச் சொல்லு உங்க ஆளுகளை!”

“வடிகட்டி எவ்வளவு?”

“பாயின்ட் டூ மைக்ரான். ஒரு கிருமி தாண்டாது. நானே நாலு தரம் வளத்துப் பாத்திருக்கேன்.”

“கிருமி தாண்டாது.” மோனிஷா பெட்டியைத் தரையில் வைத்தாள். “அது உதிர்க்குறது?”

“எதை?”

“அண்ணே, இந்த மாதிரிக் கிருமி சும்மா இருக்காது. அதோட வெளித்தோல் அங்கங்க பொடைச்சு, குட்டிக் குட்டிக் குமிழா கழண்டு விழும். விழுந்துக்கிட்டே இருக்கும். கிருமியில பத்துல ஒரு பங்கு சைஸ் கூட இருக்காது. உங்க வடிகட்டி அதுக்கு ஜன்னல் இல்ல, வாசல். அதுக்கு உயிர் கிடையாது, வளர்த்தா வளராது. ஆனா மேல இருக்குற தோல், அதே கிருமியோட தோல்.”

“உயிரே இல்லாதது என்ன செஞ்சிரும்?”

“அது ஒண்ணும் செய்யாது. நம்ம உடம்புதான் செய்யும்.” அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “உடம்புல ரெண்டு காவல் இருக்கு. ஒண்ணு முகம் பார்த்து, ஞாபகம் வச்சு, ஆளைத் தேடிப் பிடிக்கிறது. அதுக்கு நாள் ஆகும். இன்னொண்ணு பிறக்கும்போதே நம்மகூட வந்தது. அது முகம் பார்க்காது, சட்டையைப் பார்க்கும். அந்தச் சட்டை கண்ணுல பட்டா விசாரணை கிடையாது, அடிதான். எங்க நகர்ல ஒரு தடவை எவனோ பஸ்ஸு மேல கல்லு விட்டுட்டு ஓடிட்டான். பனியன் போட்டவன்னு யாரோ சொல்லிட்டாங்க. போலீஸ் உள்ள பூந்து பனியன் போட்டவனையெல்லாம் அடிச்சாங்க. கறி வாங்கப் போன எங்கண்ணன் கை ஒடைஞ்சுது, பதினாறு வயசு அவனுக்கு. கல்லு விட்டவன் அந்நேரம் எந்த ஊர்ல இருந்தானோ.”

மரியசெல்வம் தனக்கும் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டார்.

“கிருமி உள்ள வரவே இல்ல. அதோட பனியன் மட்டும் கோடிக் கணக்குல தினமும் மூக்கு வழியா உள்ள போகுது. காவல் தினமும் எந்திரிச்சு, தெருத்தெருவா தேடி, மூணு மணிக்கு உடம்பைச் சுட வைக்குது. நாலு மாசமா தூங்காத போலீஸு. அந்த நேரம் பார்த்து நிஜமாவே ஒரு காயம் பட்டு நாலு கிருமி உள்ள வந்தா?”

“ஊரையே கொளுத்திரும்” என்றார் மரியசெல்வம் மெதுவாக.

“ஏழுமலை அண்ணனைக் கொளுத்திடுச்சு.”

“ஏ பிள்ள, இது உன் ஊகம். ஊகத்தை வச்சுக்கிட்டு மேல போனா மென்னுருவாக.”

“நண்டு டெஸ்ட் இருக்குல்ல?”

ஊசி மருந்துகளில் பாக்டீரியாவின் தோல் துணுக்கு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒருவகைக் கடல் நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த பொடி. சிறு குழாயில் கலந்து உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துக் கவிழ்த்தால், சுத்தமாக இருந்தால் தண்ணீராகக் கொட்டும். துணுக்கு இருந்தால் தயிராகக் கட்டிக்கொண்டு விழாமல் நிற்கும்.

“டம்மிக்கு அதை யாரும் போட்டதில்லையே” என்றார் அவர். “டம்மியை எவன் சோதிப்பான்?”

“அதான் கேக்குறேன். போடுங்க.”

“எந்த பாட்டிலை உடைக்க? பெட்டியில எது டம்மின்னு எனக்கும் இப்பத் தெரியாது. நம்பர் ஒட்டி வந்திரும்.”

மோனிஷா தோள்பையைத் திறந்தாள். அவளுடைய ‘செயல்விளக்கம்’ பாட்டில் அதில் இருந்தது. எண் இல்லாதது. கம்பெனி ஊழியருக்கு மருந்து தரக் கூடாது என்பதால் செயல்விளக்கத்துக்கு எப்போதும் டம்மியைத்தான் கொடுப்பார்கள். நீட்டியவள் ஒரு கணம் அதை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். பாட்டில் பாதி காலியாக இருந்தது. இது எத்தனையாவது பாட்டில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“கொண்டா” என்றார் மரியசெல்வம்.

அவர் மூன்று குழாய்களை எடுத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் டம்மி. மூன்றாவதில் ஆயிரம் மடங்கு தண்ணீர் கலந்த டம்மி. வெந்நீர்த் தொட்டியில் செருகிவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்டா மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் தீனா போன் செய்தான்.

“இன்னாடி ஆச்சு? சீட்டு குட்த்தாங்களா?”

“தருவாங்க. கால் எப்படிண்ணா இருக்கு?”

“யானைக் காலாட்டம் கீது. நர்ஸக்கா பார்த்துட்டு ஒரே ஓட்டமா ஓட்ச்சு, அவ்ளோ அழகு.” சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. “மோனி, குளுருது. இன்னும் மணி மூணு கூட ஆவல.”

“படு. நான் வந்துடுவேன்.”

ஒரு மணி நேரம் கழிந்தது. மரியசெல்வம் முதல் குழாயைக் கவிழ்த்தார். தண்ணீர் சளக்கென்று கொட்டியது. இரண்டாவதைக் கவிழ்த்தார். கொட்டவில்லை. மூன்றாவதையும் கவிழ்த்து, தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாக அப்படியே தொங்கியது, உறைந்த தயிர் மாதிரி.

“மாதாவே” என்றார்.

மோனிஷா ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். டூட்டி டாக்டர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அப்படின்னா எந்தச் சீட்டு வந்தாலும் இவரை ஐ.சி.யூ.ல வைக்கணும்னு சொல்றீங்க” என்றது எதிர்முனை. “ஆனா போன்ல கேட்டதை வச்சு என் சீஃப் கட்டில் தரமாட்டார்ங்க. ஏற்கெனவே இன்னொரு கேஸ் வாசல்ல நிக்குது. கம்பெனி லெட்டர் குடுங்க. இல்லன்னா, டம்மி மட்டும்தான் போட்டிருக்காங்கன்னு சந்தேகமே இல்லாத ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ரத்தத்துல காவல் செல்லெல்லாம் அதே மாதிரி கொந்தளிச்சிருந்தா அரை மணி நேரத்துல எனக்குத் தெரிஞ்சுடும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா கவரைப் பிரிக்காம டம்மி ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“ஒருத்தி இருக்கா டாக்டர். கூட்டிட்டு வர்றேன்.”

அடுத்து, ஆய்வுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அதில் சேர்த்தது அவள்தான். தினமும் காலை ஏழு மணிக்கு ‘இன்றைய தெளிப்பை மறக்காதீர்’ என்று அனுப்புவதும் அவள்தான். குரல் செய்திக்கான பொத்தானை அழுத்திப் பேசினாள், நீளமாக, சுத்தமான செம்பருத்தி நகர்ப் பேச்சில். பேசி முடித்துக் கட்டைவிரலை எடுத்தாள். மரியசெல்வம் கேட்டுக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. எழுந்து போய் வடிகட்டிக் குழாயின் திருகை மூடினார்.

“என் வேலையும் போச்சு” என்றார். “போ பிள்ள. மேல போய்ச் சொல்லிட்டுப் போ. சொல்லாமப் போனா திருடின மாதிரி ஆயிரும்.”

மாடியில் மோனிஷா எல்லாவற்றையும் சொல்லி நீட்டிய குழாயைப் பத்மஜா வாங்கிக் கவிழ்த்தார். நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். மோனிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அது வெளுத்தது. அவள் எதிர்பார்த்தது அதைத்தான். அடுத்து நடந்ததை எதிர்பார்க்கவில்லை. பத்மஜாவின் கண்கள் மெல்ல விரிந்தன. பரீட்சையில் விடை பிடிபட்ட பிள்ளையின் கண்கள்.

“ரெண்டு பக்கமும் பேதி குறைஞ்சது” என்றார், தனக்குத் தானே. “பி பிரிவுலயும் ஓரளவு குறைஞ்சது. இந்த வருஷம் மழை கம்மி, அதனாலன்னு நினைச்சோம். மழை இல்ல. இதுதான்.” நிமிர்ந்தார். “கிருமியே வேண்டாம், மோனிஷா. வடிகட்டின தண்ணியே போதும். உயிருள்ளது எதுவும் இல்ல, அதனால ஃப்ரிட்ஜ் வேண்டாம், பரவிடுமோன்னு பயம் வேண்டாம். மூக்குல அடிக்கக்கூட வேண்டாம். குடிதண்ணித் தொட்டியில... டோஸைக் குறைச்சா காய்ச்சலும்...” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “இதைக் கண்டுபிடிச்சது நீ. ஆய்வுப் பேப்பர்ல உன் பேர்தான் முதல்ல. உனக்கு பிஎச்.டி. சீட் நான் வாங்கித் தர்றேன், இந்த வருஷமே.”

அவள் தெருவில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் மோனிஷா. டாக்டர் என்று தன் பெயருக்கு முன்னால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதிப் பார்த்திருப்பாள். பத்மஜாவுக்கும் அது தெரியும்.

“எங்கண்ணன்?” என்றாள்.

பத்மஜா ஒரு மூச்சு விட்டார். இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்தார். “ஒழுங்கை மீறுறேன். உனக்காக மட்டும்.” கவர்களைத் தள்ளித் தள்ளி நூற்று நாற்பத்தேழை உருவி மேசைமேல் வைத்தார். “எடுத்துக்கோ. லெட்டரும் தர்றேன். டியூபை மட்டும் திங்கட்கிழமை வரைக்கும் என்கிட்ட விட்டுட்டுப் போ. ஃபைல் போகட்டும். அப்புறம் நானே முறைப்படி சொல்றேன்.”

மோனிஷா கவரைப் பார்க்கவில்லை. திறந்த பீரோவைப் பார்த்தாள். அடுக்கில் ஒரு கவர் மட்டும் கொஞ்சம் உப்பிக்கொண்டு நின்றது. அதன் வாயில் செல்லோடேப் பளபளத்தது. அறுபத்துமூன்று.

“ஏழுமலை அண்ணன் கவரு.”

பத்மஜா சட்டென்று கதவைச் சாத்தினார். சாத்திய கை கைப்பிடியிலேயே இருந்தது.

“அவர் செத்த அன்னைக்குப் பிரிச்சேன்” என்றார் கடைசியில். “டம்மின்னு இருந்துச்சு. நம்ம மருந்து கொல்லலன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.”

“இப்ப?”

பத்மஜா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

மோனிஷா கவரை எடுத்தாள். வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். “வரும்போது இதுக்காகத்தான் உங்க கால்ல விழக்கூட தயாரா வந்தேன் மேடம். இதுக்குள்ள எது எழுதியிருந்தா என்ன? ரெண்டும் ஒரே அண்டாத் தண்ணி. நீங்களே வச்சுக்குங்க.”

“அவசரப்படாதே. லெட்டர் இல்லாம அந்த டாக்டர் கட்டில் தரமாட்டாங்க. திங்கட்கிழமை வரைக்கும் யோசி.”

“மேல வர்றதுக்கு முன்னாடியே குரூப்ல சொல்லிட்டேன். யாரும் இனிமே அடிக்க மாட்டாங்க.”

“என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?” பத்மஜா மேசையைச் சுற்றி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் திடுக்கிட்டு விட்டுவிட்டார். “உனக்குக் காய்ச்சல் அடிக்குது.”

“மணி என்ன?”

“ரெண்டே முக்கால்.”

“அப்ப சரியாத்தான் வருது.” மோனிஷா பையைத் தோளில் மாட்டினாள். “ஒவ்வொரு வீட்டுலயும் ‘நீ அடிச்சுக்காட்டு, அப்புறம் நாங்க அடிச்சுக்குறோம்’னாங்க. அடிச்சுக் காட்டினேன். இருநூத்திப் பன்னெண்டு பேரு. வாரா வாரம், தயங்குனவங்க முன்னாடியெல்லாம். மத்தியானம் உடம்பு சுட்டா வெயில்னு நினைச்சேன். எல்லாரும் கோபம்னாங்க, நானும் அப்படியே நம்பிட்டேன். என் பாட்டில் டம்மி மேடம். எனக்குக் கவரே கிடையாது, நீங்க பீரோவுல பூட்டவும் முடியாது. டாக்டர் கேட்ட ஆளு நான்தான்.”

மேசைமேல் கவர் கிடந்தது, வாய் ஒட்டியபடி.

படிக்கட்டில் மரியசெல்வம் நின்றார். கைக்குட்டையில் சுற்றிய இரண்டு குழாய்களை அவள் பையில் வைத்தார். “பஸ்ஸுல போவாத. ஆட்டோ பிடி. காலு கையில எங்கயும் கீறிக்காத பிள்ள, கேட்டியா?” என்றார். அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போல முகம் மாறியது.

பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. குழுவில் நூற்றுக்கு மேல் பதில்கள். பாதி கெட்ட வார்த்தை. மேலே நின்றது ஒன்றே ஒன்று: ‘நிறுத்துனா காய்ச்சல் நின்னுடுமா தங்கச்சி?’ ஏழுமலை பெண்சாதி அனுப்பியது. அவளும் அதே வேலைக்குப் போகிறவள், அறுபத்துநாலாம் எண். மோனிஷா நடந்துகொண்டே ‘தெரியலக்கா’ என்று அடித்தாள். நாலு மாதம் பழகிய காவலை எப்படித் தூங்கவைப்பது என்று அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ‘ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வா. எல்லாரையும் கூட்டிட்டு வா’ என்று சேர்த்து அனுப்பினாள்.

வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். வேலை நேரத்தில் வெளியே போகிறவர்கள் எழுதியே ஆக வேண்டும். பிடரியில் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. பேனா வழுக்கியது. பெயர், மோனிஷா. நேரம், இரண்டு ஐம்பத்தைந்து. திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

“காரணம் எழுதலியேம்மா.”

‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.